மன்னவனூர் ‘உள்ளேன்’ என்றது

என் மருமகள் கேத்தரின் கோபப்பட்டால் கொடைக்கானல் ஏரியில் படகுகள் தாமாகவே கரை ஒதுங்கும். வட்டக்கானலில் விடுதிக்காரர்கள் கண்ணாடி ஜன்னல்களுக்குப் போர்வை கட்டுவார்கள். பழனிக்கு இறங்கிக்கொண்டிருந்த பஸ் ஒன்று அவள் குரல் கேட்டு, ஒரு கொண்டை ஊசி வளைவைப் பின்பக்கமாகவே ஏறித் திரும்பி வந்ததாகச் சொல்வார்கள். சொல்வது நான்தான். கூட்டித்தான் சொல்கிறேன். பஸ் வரவில்லை, படகுகளும் மழைக்குத்தான் ஒதுங்கின. ஆனால் அட்டுவம்பட்டியில் எங்கள் தெரு நாய்கள் அவளைக் கண்டால் வாலை மடக்கிக்கொண்டு போவது சத்தியம்.

கோபப்படுகிற பெண்ணைப் பற்றி இந்த மலையில் யாரும் நல்லபடியாகப் பேசுவதில்லை. ‘வாய்க்காரி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எதற்காகக் கோபப்பட்டாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கும் கோபம்தான், இன்னும் ஆறவில்லை.

கேத்தரினின் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரு நாட்டு ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர். சொந்த நாட்டுக்குப் போகிறாய் என்று சொல்லி அனுப்பினார்கள். வந்து இறங்கியதும் சொந்த நாடு அவர் கையில் ஒரு கோடாலியைக் கொடுத்து, வாட்டில் மரம் வெட்டப் போ என்றது. மரம் வெட்டும் இடத்துத் தகரக் கொட்டகையில்தான் கேத்தரின் பிறந்தாள். வீட்டில் எல்லாரும் டீ என்கிறோம், அவளும் டீ என்றுதான் சொல்வாள். கோபம் தலைக்கேறினால் மட்டும் ‘தேத்தண்ணி’ என்று வரும். அந்தச் சொல் காதில் விழுந்த உடனே என் மகன் டிக்சன் டாக்ஸி சாவியை எடுத்துக்கொண்டு, சவாரி ஏதும் இல்லாவிட்டாலும், வெளியே கிளம்பிவிடுவான்.

அவளுடைய கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அவள் படித்த பள்ளிக்கூடத்துக்கு யாரோ கம்ப்யூட்டர்கள் தானம் கொடுத்தார்கள். அவற்றுக்குப் பிளாஸ்டிக் உறை தைத்துப் போட்டு ஒரு அறையில் வைத்துப் பூட்டினார்கள். வாரத்துக்கு ஒரு முறை பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, வரிசையாக அந்த அறைக்குள் நடந்து வெளியே வர வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்பு என்றால் அதுதான். ஒரு நாள் கேத்தரின் வரிசையிலிருந்து விலகி ஓர் உறையை உருவி எறிந்துவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். டீச்சர் அடித்த அடியில் ஸ்கேல் ஒடிந்தது. அழாமல் நின்று கேட்டாளாம்: “உறை போட்டு வைக்கிறதுக்கு எதுக்கு மிஸ் கம்ப்யூட்டரு? ஒரு பீரோ வாங்கியிருக்கலாம்ல?”

அதன்பிறகு மதுரையில் பட்டம் வாங்கினாள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சில வருடம் இருந்தாள். என் மகனைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்ததும், இங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். எந்த மிஷன் என்று கேட்காதீர்கள். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் பின்வாசல் வழியாகப் போக வேண்டியிருக்கும்.

அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் காகிதத்தை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. அவ்வளவையும் வைத்திருப்பது ஓர் இரும்பு அடுக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகிய மூன்று சர்வர்கள். மூன்றும் ஒரே உடம்பு போல வேலை செய்யும். அதைக் கிளஸ்டர் என்கிறார்கள். எந்தப் படத்தை உள்ளே போட்டாலும் அது இரண்டு மெஷின்களில் போய் உட்காரும். ஒன்று படுத்தாலும் இன்னொன்றில் படம் இருக்கும். எனக்கு இதைப் புரியவைக்க அவள் தன் அப்பாவின் தோட்டத்துக்குப் போனாள். “தோட்டத்துல காலையில பிரட்டு எடுப்பாங்க அத்தை. பேரு கூப்பிடக் கூப்பிட உள்ளேன் சொல்லணும். இதுகளும் ஒண்ணையொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். பதில் வரலைன்னா அந்த ஆளு வேலைக்கு வரலைன்னு வெச்சுக்கிட்டு மத்ததுங்க பாத்துக்கும்.”

மூன்றுக்கும் அவளே பெயர் வைத்தாள்: பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி. கொடைக்கானல் பஸ் நிலையத்தில் மேல்மலை பஸ்ஸில் ஏறினால் வரிசையாக வரும் ஊர்கள். சின்ன அட்டையில் பெயரை எழுதி ஒவ்வொரு மெஷினின் நெற்றியிலும் ஒட்டியிருந்தாள். நடுவில் இருந்த மன்னவனூர் ஒருமுறை பழுதாகி மதுரைக்குப் போய் வந்தது. வந்ததும் அதைக் கவுஞ்சிக்கும் அடியில் காலியாக இருந்த இடத்தில் செருகினாள். ஆக மேலே பூம்பாறை, நடுவே கவுஞ்சி, அடியில் மன்னவனூர். இந்த வரிசையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் ரத்தம் கொதிப்பது இதில்தான்.

சர்வர் ஓடினால் சூடு வரும். ஐப்பசி மழையில் கொடைக்கானலில் துணி காயாது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். போட்டிருக்கிற துணியே ஈரம், பீரோவில் மடித்து வைத்ததும் ஈரம். ஆஸ்பத்திரி முழுவதிலும் கதகதவென்று உலர்ந்து கிடக்கும் ஒரே அறை சர்வர் அறை. விடுவார்களா? சலவைக்காரி கித்தேரியம்மாள் அடுக்கின் பின்னால் முதலில் ஒரு கொடி கட்டினாள். நர்ஸ்களின் வெள்ளை உடுப்பு தொங்கியது. அப்புறம் டாக்டர்களின் காலுறை. அப்புறம் நிர்வாகி அலெக்சாண்டரின் ஸ்வெட்டர், அவருடைய குரங்குக் குல்லா. கேத்தரின் கத்தினாள். கொடியை அறுத்தாள். மறுநாள் புதுக் கொடி கட்டியிருந்தது, இந்த முறை ஆணியடித்து.

“என்னம்மா, அது என்ன ஐ.சி.யூவா?” என்றார் அலெக்சாண்டர். “வர்ற சூடு சும்மாதானே போகுது. நாலு பேருக்கு உபயோகப்பட்டா என்ன?”

“ஈரம் சார். கரண்ட் ஓடுற இடம்.”

“இம்புட்டு நாளும் ஒண்ணும் ஆகலையே.”

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அந்த மனிதர் நிர்வாகம் நடத்தினார். மெஷின்களில் இருந்த மென்பொருள் பழசாகிப்போயிருந்தது. அதைச் செய்த கம்பெனியே கைவிட்டுவிட்டது. கேத்தரின் வருடக்கணக்காகக் கேட்டாள்: மெஷின் இருக்கட்டும், உள்ளே இருப்பதை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர், இருப்பதன் மேலேயே ஒட்டுப்போடச் சொன்னார். அவள் அவருடைய அறைச் சுவரைக் காட்டினாள். பூஞ்சை பிடித்த சுவர், வருடா வருடம் அதன் மேலேயே பெயிண்ட், வருடா வருடம் பொருக்கு பொருக்காக உதிர்வு. “இதைக் காரை வரைக்கும் சுரண்டாம இன்னும் எத்தனை கோட்டு சார் அடிப்பீங்க?” அவர் சுவரைப் பார்த்தார். அடுத்த வாரம் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள்.

பழைய டிஸ்க்குகளை மாற்றக் கேட்டாள். ஓடுகிறதே என்றார். நகல் எடுத்து வைக்கிற பேக்கப்புக்கென்று தனியாக ஒரு டிஸ்க் பெட்டி இருந்தது. மாதாவுக்குக் குகை மாதிரி கெபி கட்டித் திறந்த விழாவின் வீடியோவை வைக்க இடம் போதவில்லை என்று அதில் இருந்ததை அழித்து வீடியோவை ஏற்றிவிட்டார். அதில் அலெக்சாண்டர் ரிப்பன் வெட்டுகிறார். நான் பார்த்தேன், நன்றாகத்தான் வெட்டுகிறார்.

கடைசியில் மறைமாவட்டத்திலிருந்து பெரியவர்கள் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வருகிறார்கள் என்று செய்தி வந்தது. மென்பொருள் புதுசா பழசா என்று அவர்கள் கேட்பார்களாம். அத்தனை வருடம் அசையாதவர் ஒரே நாளில் அசைந்தார். “வெரசா முடிச்சிரும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாம் புதுசா இருக்கணும்.”

வெரசாக முடிக்கிற சோலி இல்லை அது. ஆஸ்பத்திரியை நிறுத்தாமல் செய்ய வேண்டும். ஒரு மெஷினை எடுத்துக்கொண்டு, அதில் இருக்கும் படங்களையெல்லாம் மற்ற இரண்டுக்கும் நகர்த்த வேண்டும். அது காலியான பிறகுதான் துடைத்து, புதிய மென்பொருளைப் போட்டு, மறுபடி கிளஸ்டரில் சேர்க்க வேண்டும். படங்கள் அந்த மெஷினுக்குள் திரும்பி வந்து நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் அடுத்த மெஷின். முதலில் பூம்பாறையைச் செய்தாள். ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. அடுத்தது மன்னவனூர்.

அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். என் முழங்காலுக்கு அவர்கள் கொடுக்கும் சூட்டு வைத்தியத்துக்காக எக்ஸ்ரே அறைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வில்பட்டி பொன்னுவேல். கேரட் போடுகிறவர். மனிதர் முகத்தில் சுரத்தே இல்லை. வலது நுரையீரலில் ஒரு நிழல் தெரிகிறதாம். மதுரை டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்: கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் எடுத்த பழைய படங்களையெல்லாம் கொண்டு வா. நிழல் அன்றைக்கும் இதே அளவில் இருந்தால் அது பழைய காசநோய்த் தழும்பு, வீட்டுக்குப் போகலாம். முந்தி இல்லாமல் இப்போது வந்ததென்றால் நெஞ்சில் ஊசி இறக்கிச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

“ஊசின்னா சும்மா ஊசி இல்ல டீச்சரம்மா,” என்றார் பொன்னுவேல். ஊரில் பாதிப் பேருக்கு நான் இன்னும் டீச்சர்தான். “விலா எலும்புக்கு ஊடால விடுறது. எங்க மச்சினனுக்கு விட்டாக. மூச்சுப்பை சுருங்கிக் கெடந்தான்.”

கேத்தரின் கையில் பென் டிரைவோடு அந்த வழியாக வந்தாள். பொன்னுவேல் எழுந்து நின்றார்.

“பாப்பா, எம் படமெல்லாம் இருக்கில்ல?”

“உக்காருங்கண்ணே. முத படத்துலேர்ந்து எல்லாம் இருக்கு. இந்த ஒரு மெஷினை முடிச்சிட்டு வந்து சிடியில போட்டுத் தர்றேன். ஒரு படம்கூடப் போகாது.”

அவர் உட்கார்ந்தார். பின்னாலேயே அலெக்சாண்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, “இன்னுமாம்மா?” என்றார். அவள் பக்கத்திலிருந்த சர்வர் அறைக்குள் போனாள்.

உள்ளே நடந்ததை அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். மன்னவனூர் ஏற்கெனவே காலியாகிவிட்டிருந்தது. எல்லாப் படங்களும் பூம்பாறையிலும் கவுஞ்சியிலும் இருந்தன. மெஷினை அடையாளம் காண ஒரு வழி உண்டு. விசைப்பலகையில் கட்டளை கொடுத்தால் அந்த மெஷினின் முதுகில் ஒரு நீல விளக்கு சிமிட்டும். கட்டளை கொடுத்தாள். பின்னால் எட்டிப் பார்த்தாள். முதுகு எங்கே தெரிகிறது? மேலிருந்து கீழ்வரை நர்ஸ் உடுப்பும் அலெக்சாண்டரின் ஸ்வெட்டரும். விலக்கிப் பார்க்கப் பொறுமை இல்லை. வெளியே வேறு “இன்னுமாம்மா” நின்றுகொண்டிருந்தது. முன்பக்கம் வந்தாள். நடு மெஷினின் நெற்றியில் மன்னவனூர் என்று அட்டை இருந்தது. அவள் கையெழுத்து. பென் டிரைவைச் செருகினாள். துடைக்கச் சொன்னாள். துடைத்தது.

பிறகு திரையைப் பார்த்தாள். பிரட்டு நடந்துகொண்டிருந்தது. பூம்பாறை உள்ளேன் என்றது. மன்னவனூர் பேசக்கூடாது, அதைத்தானே துடைத்துக்கொண்டிருக்கிறாள். மன்னவனூர் ‘உள்ளேன்’ என்றது. கவுஞ்சியிடமிருந்து பதில் இல்லை.

அப்போதுதான் அவள் கத்தினாள். படகு கதையெல்லாம் நான் அளந்தது. இந்தக் கத்தல் அளந்ததல்ல. பெஞ்சில் இருந்த எல்லாரும் எழுந்துவிட்டோம், என் முழங்கால் உட்பட. கதவு திறந்தது. ஈர உடுப்புகள் ஒவ்வொன்றாக வராந்தாவுக்குப் பறந்து வந்தன. வெள்ளைக் கவுன், காலுறை, குல்லா. கடைசியாக ஸ்வெட்டர் வந்து அலெக்சாண்டரின் தோளிலேயே விழுந்தது.

“யாரு ஒட்டுனது?” என்றாள். கையில் அந்த அட்டை இருந்தது. பின்பக்கம் புது செலோடேப். “இந்த அட்டையப் பிச்சு ஒட்டுனது யாரு?”

கித்தேரியம்மாள் வாளியோடு ஓடி வந்தாள். “நான் இல்லத்தா! சத்தியமா அதை நான் தொடல. துணியத்தான் தொட்டேன்.”

“பிச்சு ஒட்டலம்மா,” என்றார் அலெக்சாண்டர். குரலில் துளிக் குற்றமில்லை. “ஈரத்துல பசை விட்டுப்போயி மூணும் தரையில கெடந்துச்சு. ஸ்வெட்டர எடுக்க வந்தப்ப பாத்தேன். நான்தான் எடுத்து ஒட்டி வெச்சேன். கரெக்டா, வரிசைப்படி.”

“எந்த வரிசைப்படி?”

“ஏம்மா, பஸ் ரூட்டுதானே? பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி. எங்கப்பா அந்த ரூட்டுல கண்டக்டரு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

யோசித்துப் பாருங்கள். சென்னைக்காரன் ஒருவன் அந்த அட்டைகளைத் தரையில் கண்டிருந்தால், எது எங்கே என்று தெரியாமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருப்பான். தப்பித்திருப்போம். இந்த மலைக்காரனுக்குத்தான் ஊர் வரிசை தெரியும். தெரிந்ததால்தான் வந்தது வினை.

“மன்னவனூர் அடியில இருக்கு சார். கவுஞ்சி நடுவுல. ரிப்பேருக்குப் போயிட்டு வந்தப்ப மாத்துனேன். இப்ப கவுஞ்சியத் தொடச்சிட்டேன். மன்னவனூர் காலி. பூம்பாறை ஒண்ணுலதான் மொத்த ஆஸ்பத்திரியும் இருக்கு. ஒத்தை பிரதி. அதுவும் நீங்க மாத்தித் தராத பழைய டிஸ்க்குல.”

“அப்ப ரூட்ட மாத்தி வெச்சது நீதானே? மாத்துனா சொல்ல வேணாமா?”

இதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் என் கோபத்துக்குப் பெரிய தொந்தரவு. கேத்தரின் முகம் சுருங்கியது. “ஆமா. விளக்கப் பாக்காமச் செருகுனதும் நான்தான். என் மேலயும்தான் கோபம். அதை அப்புறம் பாத்துக்குறேன். இப்ப அந்தப் பூம்பாறை கரக் கரக்குன்னு சத்தம் போடுது. அதுலேர்ந்து எல்லாத்தையும் மன்னவனூருக்கு நகத்தணும். முடியிற வரைக்கும் யாரும் ஒரு எக்ஸ்ரேகூட எடுக்கக்கூடாது, ஒரு படத்தையும் திறந்து பாக்கக்கூடாது. அது படிக்கிறது ஒரே வேலையா இருக்கணும்.”

“ஓ.பி. நிக்கிதும்மா! வெளிய கூட்டத்தைப் பாரு. நான் சொல்றேன், மூணையும் ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. எல்லாம் சரியாயிரும்.”

“தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன். பழைய டிஸ்க்கு சார். நின்னுச்சுன்னா திரும்ப எந்திரிக்காது.”

“பேசுற பேச்சாம்மா இது? நிர்வாகிகிட்ட? எல்லாரும் ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுவோம். அமைதியா—”

“பண்ணுங்க சார். வெளிய நின்னு பண்ணுங்க. உள்ள தேத்தண்ணிகூட வரக்கூடாது.”

தேத்தண்ணி வந்துவிட்டது. டிக்சன் அங்கே இருந்திருந்தால் பழனி அடிவாரத்தில் போய்த்தான் வண்டியை நிறுத்தியிருப்பான்.

அவள் உள்ளே போனாள். அலெக்சாண்டர் பின்னாலேயே போகக் காலெடுத்தார். நான் பெஞ்சிலிருந்து ஒரு நாற்காலிக்கு மாறி, அதைக் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கைத்தடியைக் குறுக்கே நீட்டிக்கொண்டேன்.

“என்னங்க டீச்சர் இது?” என்றார்.

“முழங்கால் பிடிச்சிக்கிச்சுப்பா. எந்திரிக்க முடியல. வேணும்னா தாண்டிப் போ. வயசான பொம்பளையத் தாண்டுனேன்னு மறைமாவட்டத்துப் பெரியவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

அவர் தாண்டவில்லை. எக்ஸ்ரே வரிசையில் இருந்தவர்கள் முனகினார்கள். ஒருவர் நிர்வாகியைத் திட்டினார், இன்னொருவர் கம்ப்யூட்டரை. ஓர் அம்மா, கையை ஒடித்துக்கொண்டு வந்தவர், என்னையே திட்டினார். வாங்கிக்கொண்டேன். பொன்னுவேல் மட்டும் யாரையும் திட்டவில்லை. சாத்தியிருந்த கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மத்தியானம் வந்தது, பனிமூட்டம் வராந்தாவுக்குள் ஏறி வந்தது. சாயங்காலம், மதுரை போகிற கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளே இருந்து அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உலர்ந்த வேர்க்கடலையை யாரோ ஒவ்வொன்றாக உடைப்பது போல. சத்தம் நிற்கும்போதெல்லாம் அவர் என்னைப் பார்ப்பார். மறுபடி கேட்கும். அவர் மூச்சு விடுவார்.

அலெக்சாண்டர் பிறகும் இரண்டு மூன்று முறை வந்தார். ஒருமுறை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே வந்தார். அது ஈரமாக இருந்தது. சொல்லப்போனால் அந்த ஸ்வெட்டர் சொட்டிய தண்ணீரில் வராந்தாவில் ஓர் ஓடையே ஓடிற்று. அதில் மீன்கூட, சரி விடுங்கள், மீன் இல்லை.

மறுநாள் காலைப் பூசை மணி அடிக்கிற நேரத்துக்குக் கேத்தரின் வீட்டுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. “நகந்திருச்சு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். அதற்கப்புறம் கவுஞ்சிக்கும், முறைப்படி மன்னவனூருக்கும் புதிய மென்பொருள் போட்டு மூன்றையும் ஒன்றாக்கினாள். மெஷின்களின் நெற்றியில் இப்போது அட்டை இல்லை. தகட்டில் பெயர் வெட்டி, திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறாள். கொடி கட்டிய ஆணிகளைப் பிடுங்கி, அலெக்சாண்டரின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தாள். பூம்பாறைக்குப் புது டிஸ்க் வந்தது. இந்த முறை கேட்காமலேயே வந்தது, அவ்வளவு பயம். மறைமாவட்டத்துப் பெரியவர்கள் வந்தார்கள். மெஷின் அறைப் பக்கமே அவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. கெபியைப் பார்த்துவிட்டு, கேரட் அல்வா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அலெக்சாண்டர் எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வந்து, வாசலில் நின்று, “தப்பு என் பேர்லயும் இருக்கும்மா,” என்றார். ‘யும்’ என்ற எழுத்தை அழுத்தித்தான் சொன்னார். ஆனாலும் சொன்னார். கேத்தரின் அவருக்கு டீ கொடுத்தாள். கோபம் ஆறிவிட்டது. அத்தனை வருடத்து எக்ஸ்ரே, அத்தனை ஸ்கேன், ஒரு படம்கூடப் போகாமல் வந்து சேர்ந்தது. வில்பட்டி பொன்னுவேலின் நெஞ்சுப் படங்கள் முதலிலிருந்து கடைசிவரை சிடியில் ஏறி மதுரைக்குப் போயின. பழைய தழும்புதான், வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். மனிதர் ஒரு சாக்கு கேரட்டோடு வந்து எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவைத்து, என் மருமகளைக் கும்பிட்டு—

இதுவரைக்கும் எழுதியதை என் தோளுக்கு மேலே நின்று கேத்தரின் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. பேனாவைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

“கோபம் ஆறிருச்சுன்னு யார் சொன்னா உங்களுக்கு? டீ குடுத்தா ஆறிருச்சுன்னு அர்த்தமா?”

“கதை முடியணுமேடி.”

“முடியல அத்தை. ஒரு படம்கூடப் போகலைன்னு எழுதாதீங்க. பூம்பாறை டிஸ்க்குல சில இடம் செத்துப் போச்சு. அங்க இருந்ததைப் படிக்கவே முடியல. அஞ்சாறு பேரோட படம் போச்சு. பொன்னுவேல் அண்ணனோட முத படம் அதுல ஒண்ணு. மத்ததெல்லாம் இருந்துச்சு, ஆனா அதெல்லாம் சமீபத்துல எடுத்தது. நிழல் முந்தியே இருந்துச்சுன்னு சொல்றதுக்கு அந்த முத படம்தான் வேணும். அது இல்லாம மதுரையில ஊசியத்தான் விட்டாங்க. பழைய தழும்புதான்னு வந்துச்சு. அது நிஜம். ஆனா அந்த ஊசி அவருக்குத் தேவையே இல்ல. உக்காருங்கண்ணேன்னு சொன்னேனே, அப்பவே சிடியில போட்டுக் குடுத்திருந்தா போதும். கேரட்டு கொண்டாந்ததும் நிஜம். நான் அப்ப வீட்டுல இல்ல, அவர் என்னைக் கும்பிடவும் இல்ல. ஊசி போட்ட பக்கத்துக் கைய ஒசத்த முடியாம, இடது கையில சாக்க இழுத்துக்கிட்டு வந்தாருன்னு நீங்கதான் எங்கிட்ட சொன்னீங்க.”